பலகையில் இல்லாத பாம்பு

மணிக்கட்டில் காலடி எண்ணுகிற கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு பின்னேரங்களில் நடக்கப் போகிற என் வயதுக்காரர்களே, உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பிரெஞ்சு பேசுகிற இந்தப் பனி ஊரில், லாசாலில், எங்கள் ஆட்களுக்குள் முதன்முதலில் உடம்புக்காக நடந்தவர் என் அம்மாதான். அவருக்கு முதலே யாராவது நடந்திருந்தால் சண்டைக்கு வராதீர்கள். நான் அறிய அவர்தான். அவரை நடக்க வைத்தவள் நான். பத்து வயதில், ஒரு டொக்டருக்கு முன்னால் இருந்துகொண்டு, பச்சைப் பொய் சொல்லி நடக்க வைத்தேன்.

பொய்யின் நியாயம் விளங்கவேண்டுமானால் எங்கள் வீட்டைச் சொல்லவேண்டும். இந்த ஊரில் வீட்டை அறைக் கணக்கில் சொல்வார்கள், குளியலறையை அரை என்று சேர்ப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எங்களுடையது நாலரை. அதற்குள் ஏழு பேர். அப்பா, அம்மா, நான். அப்பாவின் அண்ணனான பெரியப்பா, பெரியம்மா, அவர்களுடைய இரண்டு பெடியன்கள். பெரியப்பாதான் எங்களை இங்கே எடுப்பித்தவர். ஆகவே வீடு அவருடையது, குசினி பெரியம்மாவுடையது, தொலைக்காட்சி பெடியன்களுடையது. நாங்கள் மூவரும் ஹோலில் மெத்தை விரித்துப் படுப்போம். காலையில் அதைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் நிமிர்த்திவிட்டால், நாங்கள் அங்கே படுத்த அடையாளமே இராது.

அம்மா டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற பெரிய குசினி ஒன்றில் வேலை செய்தார். எட்டு மணித்தியாலம் நின்ற நிலை. வீட்டுக்கு வந்தால் பெரியம்மாவின் குசினியில் இன்னும் இரண்டு மணித்தியாலம் நின்ற நிலை. வாய் திறந்தால் "ஓம் அக்கா", "இல்லை அக்கா", என்னிடம் "சாப்பிடு", "படு". வீட்டுக்கு வருகிற சனம் எல்லாம், "இவவைப் போல அடக்கமான ஒரு மனிசியைக் காணேலாது, வாயில்லாப் பூச்சி" என்று மெச்சிவிட்டுப் போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரில் என் அம்மா அப்படியா இருந்தார்? கதைக்கத் தொடங்கினால் பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பிறகுதான் நிறுத்துவார். அந்தக் குரல் விமானத்தில் எங்கேயோ தவறிப்போய்விட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அழுவதற்கு மட்டும் அம்மா ஓர் இடம் வைத்திருந்தார். நாலரையில் அந்த அரை. தண்ணீர்ப் பைப்பைத் திறந்துவிட்டு அழுவார். ஐந்து நிமிஷம் ஆகாது, யாராவது கதவில் தட்டுவார்கள்.

அந்த வருஷம் பனி கரைந்த கையோடு அம்மாவின் கால்கள் வீங்கத் தொடங்கின. சப்பாத்துக்குள் போகமாட்டோம் என்று அடம்பிடித்தன. அப்பாவுக்குப் பெட்டி செய்கிற தொழிற்சாலையில் லீவு கிடைக்கவில்லை. எங்கள் மூவருக்குள் ஆகலும் கூடப் பிரெஞ்சு தெரிந்தவள் என்று என்னை அம்மாவோடு டொக்டரிடம் அனுப்பினார்கள். ஆறு மாதப் பிரெஞ்சு அது. பத்து வயதுப் பிள்ளையைத் தாயின் வருத்தத்துக்கு நடுவில் மொழிபெயர்க்க இருத்துவது சரியா பிழையா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. எங்கள் எல்லா வீடுகளிலும் அதுதானே நடந்தது.

டொக்டர் வயதான மனிதர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அம்மாவின் காலை அமத்திப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பயப்பட ஒன்றும் இல்லை, நின்று நின்று வந்த வீக்கம், வேலை முடிந்து வந்து காலை உயர்த்தி வைக்கட்டும், வார முடிவில் கொஞ்சம் நடந்தால் நல்லது. அவ்வளவுதான்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

அந்த நேரத்தில் என் மனத்தில் என்ன ஓடியது என்று இன்றைக்கும் எனக்குத் துல்லியமாகத் தெரியும். எனக்கு அம்மா வேண்டும். நாலரைக்குள் அவர் எல்லாருக்கும் உரியவர்; எனக்கென்று மிஞ்சுவதில்லை.

"ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் நடக்கவேணுமாம்," என்றேன். "ரோட்டிலை இல்லையாம், மரங்களுக்குள்ளை நடக்கட்டாம். தனியப் போகக் கூடாதாம். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகட்டாம்."

"பிள்ளையையும் எண்டு அவரே சொன்னவர்?"

"ஓம் அம்மா."

அம்மா டொக்டரைப் பார்த்தார். அவர், பிள்ளை நன்றாகத்தான் விளங்கப்படுத்துகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, தலையை ஆட்டிச் சிரித்தார். பொய்யில் முத்திரை குத்தியதுபோல ஆகிவிட்டது.

எங்கள் சனத்துக்கு டொக்டர் சொன்னால் மறுபேச்சில்லை. பெரியம்மா மட்டும், "வீங்கின காலோடை நடக்கச் சொல்லுற டொக்குத்தரை இண்டைக்குத்தான் கேள்விப்படுறன்," என்று முணுமுணுத்தார். என்றாலும் அந்த ஒரு மணித்தியாலச் சமையல் அவர் தலையில் விழுந்தது. நான் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

மெட்ரோ வந்து முடிகிற இடத்தில் ஒரு காடு இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது, நீங்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருப்பீர்கள். வாசலில் பெரிய பலகை, அதில் படமும் சட்டதிட்டங்களும். உள்ளே சரளைக்கல் போட்ட நடைபாதை, மூன்று நிறங்களில் அம்புக்குறிகள். கொஞ்சத் தூரம் போனால் குளம், அதில் வாத்துகள். குளத்தருகில் உட்கார மரவாங்குகள், ஊஞ்சல், குடிக்கத் தண்ணீர்ப் பைப், இரண்டு கழிவறைகள். கோடையில் மட்டும் சக்கரம் பூட்டிய ஒரு கன்ரீன் வந்து நிற்கும். அதில் உருளைக்கிழங்குப் பொரியல் விற்பார்கள். கழிவறைக்குள் அம்மா முதல்நாள் போய்விட்டு வந்து அதிசயத்தோடு சொன்னார்: "ஒருத்தரும் தட்டேல்லை."

சும்மா நடப்பது அம்மாவுக்கு லேசாக வரவில்லை. எங்கள் ஆட்கள் அப்போது சும்மா நடப்பதில்லை. கடைக்கு நடப்போம், பஸ்ஸுக்கு நடப்போம். காரணமில்லாமல் ஒரு பெண் வீதியில் நடந்தால் வேலை போயிருக்கவேண்டும் அல்லது வீட்டில் சண்டையாக இருக்கவேண்டும். ஆகவே அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். கடைப் பை ஒன்றில் இரண்டு வெங்காயம் போட்டு எடுத்துக்கொண்டார். வழியில் எங்கள் ஆட்கள் கண்டு, "எங்கை போட்டு வாறியள்?" என்றால், பையைக் கொஞ்சம் உயர்த்தி, "கடைக்கு" என்பார். வெங்காயம் தெரியும். கேட்டவரும் திருப்தியோடு போவார். அந்த இரண்டு வெங்காயமும் எங்களோடு நாள்தோறும் காட்டுக்குப் போய் வந்தன. ஜூன் நடுப்பகுதியில் முளைவிட்டுவிட்டன. அம்மா புதிதாக இரண்டு போட்டார்.

முதல் நாலு நாளும் அம்மா ஒன்றும் கதைக்கவில்லை. நான் நடந்தேன், அவர் நடந்தார், வெங்காயம் ஆடியது. என்னுடைய பொய் வீணாய்ப் போய்விட்டது என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் ஒரு பெரிய மேப்பிள் மரத்தடியில் அம்மா நின்றார். முன்னும் பின்னும் பார்த்தார். அணிலைத் தவிர ஒருவரும் இல்லை. அம்மா மரத்தைப் பார்த்துச் சொன்னார்:

"அக்கா, குழம்பிலை உப்புக் கூடிப்போச்செண்டு நேற்று நாலு பேருக்கு முன்னாலை சொன்னியள். நான் உப்புப் போட்டனான்தான். பேந்து நீங்கள் வந்து ஒருக்காப் போட்டனீங்கள். நான் கண்டனான். கண்டும் பேசாமல் நிண்டனான்."

நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். வெட்கப்படுவார் என்று நினைத்தேன்.

"சரியாச் சொன்னனானே?" என்றார்.

"இன்னும் கொஞ்சம் கடுமையாச் சொல்லலாம் அம்மா," என்றேன்.

அன்றிலிருந்து அந்த மேப்பிள் பெரியம்மா. குளத்தோரம் வெள்ளைப் பட்டையோடு நின்ற மெல்லிய மரம் டோர்வல் சுப்பவைசர். அதற்கு முன்னால் நின்று அம்மா கேட்பார்: "தட்டிலை ஒலிவ் ரெண்டோ மூண்டோ எண்டு எண்ணிக்கொண்டு நிக்கிறாய். ஆகாயத்திலை பறக்கிறவன் ஒலிவ் எண்ணவே ஏறுறான்?" அரசாங்கத்துக்கு ஒரு மரம், பனிக்காலத்துக்கு ஒரு மரம். பெரியப்பாவுக்கு மரம் கொடுக்கவில்லை; அவர் நல்ல மனிதர், கதைக்கவேண்டிய இடத்தில் இருப்பதேயில்லை என்பதுதான் அவரில் குற்றம். அப்பாவுக்கு இருந்தது. காற்றில் வேரோடு சரிந்து, நிலத்தில் விழாமல், பக்கத்து மரத்தில் சாய்ந்தபடி துளிர்விட்டு நின்ற ஒரு மரம். "அண்ணையிலை சாஞ்சுகொண்டு நிண்டது போதும்," என்று அம்மா அதற்குச் சொல்வார். "எனக்கு ஒரு மூண்டரை எண்டாலும் போதும். ஒரு கதவு. பூட்டினால் பூட்டுப்படவேணும்."

என் அம்மாவுக்கு வாய் இருந்தது! எனக்கு வந்த புளுகத்தை, அந்தச் சந்தோஷத்தை, எப்படிச் சொல்வேன். பொப்ளர் மரங்களின் பஞ்சு பறந்து தலையெல்லாம் ஒட்டும். நுளம்பு காதுக்குள் பாடும். மழை பெய்த மறுநாள் மண்ணும் உக்கின இலையும் சேர்ந்து ஒரு மணம் வரும். அதற்குள் அம்மா கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டு போவார். பேச்சு முடிந்ததும் கன்ரீனில் ஒரு பொரியல் வாங்குவோம். அம்மா இடுப்பில் செருகிய கடதாசிச் சரையை எடுத்து மிளகாய்த்தூள் தூவுவார். கன்ரீன்காரி ஒருநாள் எட்டிப் பார்த்துத் தானும் ஒன்று எடுத்துக் கடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னொன்று எடுத்தாள். பிறகு அம்மாவைக் கண்டால் கையை நீட்டுவாள், அம்மா சரையை நீட்டுவார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பாஷையும் இல்லை, என்றாலும் நல்ல ஒட்டு.

கால் வீக்கம் வற்றியது. அதைவிட, அரைக்குள் பைப் திறக்கிற சத்தம் நின்றது. அப்பா, "டொக்குத்தர் கெட்டிக்காரன்," என்றார். எல்லாம் கால் சம்பந்தப்பட்டது என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

வினை வெள்ளைச் சப்பாத்தில் வந்தது. ஜூலையில் ஒருநாள் பெரியம்மா மலிவு விற்பனையில் ஒரு சோடி வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து வாங்கிக்கொண்டு வந்தார். சேலைக்குக் கீழே போட்டுக்கொண்டு குசினி வாசலில் நின்றார்.

"எனக்குச் சீனி வருத்தம் இருக்குத்தானே," என்றார். "நானும் வாறன்."

அம்மா, "வாங்கோ அக்கா," என்றார். வேறென்ன சொல்வார்?

அன்றைய நடை எனக்கு நரகம். அம்மாவின் வாய் வாசல் பலகையோடு பூட்டுப்பட்டுவிட்டது. "ஓம் அக்கா", "இல்லை அக்கா". பெரியம்மாவும் வழமைபோல அதிகாரம் பண்ணவில்லை; மெதுவாக, மேலே பார்த்துக்கொண்டு நடந்தார். அதை நான் அப்போது கவனித்தேனா, இப்போதுதான் கவனிக்கிறேனா தெரியாது. அந்த மேப்பிள் மரத்தடிக்கு வந்ததும் அவருக்கு மூச்சு வாங்கியது. முதுகை மரத்தில் சாய்த்தார்.

"நல்ல மரம்," என்று தடவிக் கொடுத்தார். "நல்ல நிழல்."

நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்போம். வேறு நாளென்றால் அதுவே ஒரு கிழமைக்குச் சிரிக்கப் போதும். ஆனால் எனக்குச் சிரிப்பை முந்திக்கொண்டு கோபம் வந்தது. நாளைக்கும் வருவார். நாளை மறுநாளும் வருவார். எனக்குக் கிடைத்த குரல் திரும்பவும் போய்விடும்.

வெளியே வரும்போது பெரியம்மா பலகைக்கு முன்னால் நின்று கேட்டார்: "பிள்ளை, உதிலை என்ன எழுதிக் கிடக்கு?"

நாயைக் கட்டிக் கொண்டுவரவும். நெருப்பு மூட்ட வேண்டாம். வாத்துக்குத் தீனி போட வேண்டாம். அதுதான் எழுதியிருந்தது.

"பாம்பு கவனம் எண்டு எழுதியிருக்கு," என்றேன். "கனக்கப் பாம்பாம்."

பெரியம்மா சேலையைக் கெண்டைக்கால் வரைக்கும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெள்ளைச் சப்பாத்து மின்ன, பஸ் தரிப்புக்கு ஓடினதை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

பொய் என்னைவிடக் கெட்டிக்காரி. பஸ்ஸில் ஏறும்போது பாம்பாக இருந்தது, வீட்டில் சாப்பாடு போடும்போது நாகமாகிவிட்டது. யாழ்ப்பாணத்து மனிதருக்குப் பாம்பு விளையாட்டுச் சாமான் இல்லை. பெரியப்பா சோற்றில் கை வைத்தபடி தீர்ப்புச் சொன்னார்: "இனிமேல் ஒருத்தரும் உங்கை போகவேண்டாம். டொக்குத்தர் நடக்கத்தானே சொன்னவர். கொரிடோரிலை நடக்கட்டும்." அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் அண்ணை," என்றார்.

அம்மா கொரிடோரில் நடந்தார். ஒவ்வொரு கதவுக்கும் பின்னால் ஒவ்வொரு வீட்டுச் சத்தம். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு முப்பத்தாறு அடி. எண்ணிக்கொண்டு பின்னால் நடந்தவள் நான். ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. இரண்டாம் நாள் அரைக்குள் பைப் திறந்தது. மூன்றாம் நாளும் திறந்தது. உண்மையைச் சொன்னால் பலகைப் பொய்யோடு டொக்டர் பொய்யும் சேர்ந்து வெளியே வரும், காடு ஒரேயடியாகப் போய்விடும். சொல்லாவிட்டாலும் காடு இல்லை. நான் போட்ட முடிச்சில் நானே மாட்டிக்கொண்டு, மெத்தையில் அம்மாவின் முதுகைப் பார்த்தபடி படுத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை அப்பா வீடு கூட்டுகிற தும்புத்தடியின் கம்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"வா, உந்தப் பாம்பை ஒருக்காப் பாத்துக்கொண்டு வருவம்."

அப்பா அதுவரைக்கும் அந்தக் காட்டுக்கு வந்ததில்லை. கம்பால் பற்றைகளைத் தட்டித் தட்டி நடந்தார். சைக்கிளில் போன ஒருவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். அம்புக்குறிகளைப் பார்த்தார், குப்பைத் தொட்டிகளைப் பார்த்தார், தண்ணீர்ப் பைப்பைத் திறந்து மூடினார், கழிவறைக்குள் போய் வந்தார்.

"கக்கூசு இருக்கு, தண்ணி இருக்கு, இருக்க வாங்கு இருக்கு," என்றார். "எங்கடை வீட்டைவிட வசதி. உது காடே? இதுக்குள்ளை எந்தப் பாம்பு இருக்கும்?"

நான் அழத் தொடங்கிவிட்டேன். பலகையைச் சொன்னேன். நிறுத்த முடியாமல் டொக்டரையும் சொன்னேன். அடி விழும் என்று நினைத்தேன். அப்பா கம்பை வாங்கில் சாத்திவைத்துவிட்டு என் பக்கத்தில் இருந்தார்.

"அம்மா இஞ்சை வந்து என்ன செய்யிறவ?"

"கதைக்கிறவ."

"ஆரோடை?"

"என்னோடை. மரங்களோடை."

அவருக்கு விளங்கவில்லை. கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். இது பெரியம்மா, இது சுப்பவைசர், இது பனிக்காலம். உப்புக் கதையைச் சொன்னேன், ஒலிவ் கதையைச் சொன்னேன். அப்பா ஒவ்வொரு மரத்துக்கு முன்னாலும் நின்று கேட்டார். ஒரு முறை சிரிப்பை அடக்கினார். பிறகு மெல்லக் கேட்டார்:

"நான் எது?"

எனக்குச் சொல்ல மனமில்லை. கையைக் காட்டினேன். அப்பா சாய்ந்து நின்ற மரத்துக்குக் கிட்டப் போனார். வேர் பாதி வெளியே கிடந்தது. அது சாய்ந்திருந்த மற்ற மரத்தில் பட்டை உரஞ்சிப் புண்ணாகியிருந்தது. வெகுநேரம் பார்த்தார்.

"என்ன சொல்லுறவ?"

"ஒரு மூண்டரை எண்டாலும் போதுமாம். பூட்டினால் பூட்டுப்படுற கதவு வேணுமாம்."

"ஓம்," என்றார் அப்பா. யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. கம்பை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். எனக்கு அப்போது பயமாக இருந்தது. அவருக்கு எவ்வளவு நொந்திருக்கும் என்பது எனக்குக் கல்யாணமாகி, நானும் ஒரு மனிதரோடு சண்டை பிடிக்கத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது.

வீட்டில் எல்லாரும் ஹோலில் இருந்தார்கள். அம்மா குசினி வாசலில் நின்றார்.

"என்ன, பாம்பு கண்டனீரே?" என்றார் பெரியப்பா.

என் அப்பா பொய் சொல்லத் தெரியாத மனிதர். தொழிற்சாலையில் சுகயீன லீவு எடுத்தால்கூட, "சுகமில்லை" என்று சொல்வதற்காகவே காய்ச்சல் வரும்வரை காத்திருப்பவர். அவர் சொன்னார்:

"ஓம் அண்ணை. பாம்பு இருக்கு. காவல்காரனைக் கேட்டனான்."

பெரியம்மா, "நான் சொன்னனானே," என்றார்.

"ஆனால் ரெண்டு பேர் போனால் ஒண்டும் செய்யாதாம். மூண்டு பேர் போனால்தான் அந்தச் சத்தத்துக்கு வெளியிலை வருமாம். அதாலை இவவும் பிள்ளையும் போகலாம்."

பெரியப்பா நெற்றியைச் சுருக்கினார். "சத்தத்துக்குப் பாம்பு ஓடுமெல்லே?"

"ஊர்ப் பாம்பு ஓடும் அண்ணை. இஞ்சத்தைப் பாம்பு வரும்."

அப்பா தன் அண்ணனுக்கு மறுத்துப் பேசியதை நான் கண்டது அதுதான் முதல் தடவை. பேசிவிட்டு அம்மாவைப் பார்த்தார். "நீர் போம்," என்றார். "டொக்குத்தர் சொன்னால் போகத்தானே வேணும்."

அன்று பின்னேரமே வெங்காயப் பையோடு புறப்பட்டோம். சாய்ந்த மரத்துக்கு முன்னால் அம்மா நின்றார். நான் காத்திருந்தேன்.

"பொய் சொல்லேக்கை அந்த மனிசன்ரை காதைக் கண்டனியே?" என்றார் கடைசியில். "ரெண்டும் செம்பரத்தம்பூ மாதிரி." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்து முடிந்ததும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். அப்பா அவருக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அம்மா என்னை ஏசவில்லை. கொஞ்சத் தூரம் நடந்த பிறகு சொன்னார்:

"பெரியம்மா அந்தச் சப்பாத்தைத் துடைச்சுக் கட்டிலுக்குக் கீழை வைச்சிருக்கிறா. மண் கொஞ்சம்கூட இல்லை. கண்டனியே?"

"இல்லை," என்றேன்.

"ஒரு நாள்தான் போட்டவ." மேப்பிள் மரம் வந்தது. அம்மா அதற்கு ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போனார். "அவவும் அந்த நாலரைக்குள்ளைதான் இருக்கிறா, பிள்ளை."

எனக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை. ஒரு மணித்தியாலம் எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது, அதைப் போய் ஏன் பெரியம்மாவோடு பங்கு போடவேண்டும்?

அடுத்த நாள் ஞாயிறு. பின்னேரம் அம்மா பையை எடுக்கவில்லை. நேரே பெரியம்மாவின் அறைக்குப் போய், கட்டிலுக்குக் கீழே குனிந்து, வெள்ளைச் சப்பாத்தை எடுத்துக்கொண்டு வந்து அவருடைய காலடியில் வைத்தார்.

"போடுங்கோ அக்கா. போவம்."

"பாம்பெல்லே?"

"ரெண்டு பேர் போனால் ஒண்டும் செய்யாதாம்." அம்மா என்னைப் பார்த்தார். "நீ நில்லு. மூண்டாகக் கூடாது."

குசினியில் அப்பா முட்டையை உடைத்துக்கொண்டிருந்தார். நான் பல்கனிக் கம்பியில் நெஞ்சை அழுத்திக்கொண்டு, இரண்டு சேலையும் சந்தியில் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். என் பொய், என் காடு, என் அம்மா.

அன்று காட்டுக்குள் என்ன நடந்தது என்பதை அம்மா எனக்குக் கன காலத்துக்குப் பிறகுதான் சொன்னார். அந்த மேப்பிள் மரத்தடியில் வைத்து, "அக்கா, உப்பை ரெண்டாம் தரம் போட்டது நீங்கள்," என்று அம்மா முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். பெரியம்மா கோபிக்கவில்லை. "ஓம், போட்டனான். அண்டைக்கு எனக்கு ஒரு அறிவும் இல்லை," என்றாராம். உப்புப் போட்ட அன்று காலையில்தான் ஊரிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அவருடைய ஒரே தம்பி செத்துப்போனார் என்று. இரண்டு மாதமாக ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் வீட்டில் இழவுத் துடக்கு, ஏழு பேருடைய சாப்பாடும் வேலையும் குழம்பும், வருகிற சனத்தை இருத்தவும் இடமில்லை. நாலரைக்குள் ஒரு செத்தவீடு வைக்க இடமில்லாமல், அந்த மனுசி ஒரு சோடி சப்பாத்து வாங்கியிருக்கிறார். நான் அவரைப் பாம்பு காட்டிக் கலைத்திருக்கிறேன். இதை எழுதும்போதும் எனக்குக் கை கூசுகிறது.

அன்றைக்கு ஒரு மணித்தியாலம் என்று போனவர்கள் இரண்டரை மணித்தியாலம் கழித்துத்தான் வந்தார்கள். பெடியன்கள் அப்பா பொரித்த முட்டையைத் தின்று முடித்துவிட்டார்கள். பெரியப்பா மூன்று தரம் மணி பார்த்துவிட்டார். கதவு திறந்தது. இரண்டு பேருக்கும் கண் வீங்கி, மூக்குச் சிவந்திருந்தது. பெரியம்மாவின் கையில் பொரியல் சுற்றிய கடதாசி, மிளகாய்த்தூள் பட்டுச் சிவந்து கிடந்தது. வெள்ளைச் சப்பாத்து கணுக்கால் வரைக்கும் சேறு. அவர் கதவுக் கரையில் குந்தியிருந்து நாடாவை மெதுவாக அவிழ்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, என்னை நேராகப் பார்த்தார்.

"பிள்ளை," என்றார், "காடு முழுக்கச் சுத்திப் பாத்தம். ஒரு பாம்பையும் காணேல்லை."

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"பரவாயில்லை," என்றார் பெரியம்மா. "நாளைக்கும் போய்த் தேடிப் பாத்துக்கொண்டு வாறம்."